அன்னாவுக்காக அழாத வாசகிக்கு

கேள்வி: எனக்கு 33 வயது. கூட்டுறவு வங்கி ஒன்றில் காசாளராக இருக்கிறேன். இரண்டு குழந்தைகள். எங்கள் வாசகர் வட்டத்தில் லியோ டால்ஸ்டாயின் ‘அன்னா கரீனினா’வைப் படிப்பது என்று முடிவு செய்தோம். பிள்ளைகள் தூங்கிய பிறகு இரவில் சிறிது சிறிதாகப் படித்து மூன்று மாதத்தில் முடித்தேன். உண்மையைச் சொன்னால் மனதில் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. பெயர்கள் குழப்பின. கிராமத்து நிலக்காரன் லெவினுடைய விவசாயப் பேச்சு சலிப்பாக இருந்தது. எட்டு வயதுப் பையனை விட்டுவிட்டுப் போன அன்னாவின் மேல் கோபம்தான் வந்தது. அவள் ரயிலில் விழுந்தபோது அழுகை வரவில்லை. ஒரே ஓர் இடத்தில், அன்னாவின் அண்ணி டாலி வண்டியில் போகும்போது, புத்தகத்தை மூடிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஆனால் அது கதைக்குச் சம்பந்தமில்லாத இடம். வட்டத்தில் ஒரு தோழி, “பக்குவம் வந்தால் புரியும்” என்றார். எனக்கு ரசனை போதவில்லையா? மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டுமா? அடுத்த கூட்டத்தில் நான் என்ன பேசுவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, இது எனக்கு அடிக்கடி வரும் கேள்விதான் என்று நினைத்தேன். இரண்டாம் முறை, தண்ணீர் குடிக்க எழுந்துபோனதாக நீங்கள் எழுதியிருக்கும் வரியில் நின்றுவிட்டேன். இந்தப் பதிலில் பெரும்பகுதி அந்த வரிக்குத்தான்.

முதலில் உங்கள் தோழி சொன்னதை ஒதுக்கி வைத்துவிடுங்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொது நூலகங்களில் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன். ஒரு புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு வந்து நிற்பவரிடம் “பக்குவம் வந்தால் புரியும்” என்று சொல்லக் கூடாது. நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். தையல் வேலை செய்யும் பெண் ஒருவர் இதே நாவலைப் பாதியில் திருப்பிக் கொடுத்தார். “இன்னும் கொஞ்ச நாள் கழித்துப் படியுங்கள், அப்போது பிடிபடும்” என்றேன். நல்லெண்ணத்தோடுதான் சொன்னேன். அதன் பிறகு ஏழெட்டு மாதம் அவர் நூலகத்தின் பக்கமே வரவில்லை. எந்த இடம் வரை பிடித்தது, எங்கே கை நின்றது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டது இன்றும் என்னை உறுத்துகிறது.

ரஷ்ய நாவல்கள் மீது நமக்கு இருக்கும் பயபக்திக்குக் காரணம் உண்டு. மாஸ்கோவிலேயே தமிழில் அச்சாகி, கெட்டி அட்டையோடு, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக மிக மலிவான விலைக்குப் புத்தகங்கள் வந்துகொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. 1991இல் சோவியத் யூனியன் கலைந்தபோது அந்த வரத்தும் நின்றுபோனது. அந்தப் புத்தகங்களோடு வளர்ந்தவர்களுக்கு டால்ஸ்டாய் வீட்டுப் பெரியவரைப் போன்றவர். பெரியவரின் பேச்சு நீளம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்த மரியாதை எனக்கும் குறையாமல் இருக்கிறது. ஆனால் நூலகத்தில் இருப்பவனுக்கு இன்னொன்றும் தெரியும். பல கை மாறிய தடித்த நாவல் ஒன்றை மூடிப் படுக்கவைத்து, பக்கங்களின் விளிம்பைப் பாருங்கள். விரல் பட்ட இடம் பழுப்பேறி இருக்கும். படாத இடம் வெளுப்பாக இருக்கும். எங்கள் நூலகத்துப் பிரதியில் முதல் கால்வாசி நன்றாகக் கறுத்திருந்தது. போகப் போக அந்த நிறம் குறைந்து, கடைசிப் பாகம் ஏறக்குறைய அச்சகத்திலிருந்து வந்தபடியே இருந்தது. நடுவழியில் இறங்கிக்கொண்டவர்கள் அத்தனை பேர். நீங்கள் எட்டுப் பாகங்களையும், 239 அத்தியாயங்களையும் முடித்திருக்கிறீர்கள்.

இன்னொரு செய்தியும் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். இந்த நாவல் ‘ருஸ்கி வெஸ்ட்னிக்’ என்ற மாத இதழில் 1875 முதல் 1877 வரை தொடராக வந்தது. இடையிடையே பல மாதங்கள் தவணை வராமலும் போனது. 1875 ஆகஸ்டில் தம் நண்பரான கவிஞர் ஃபேத்துக்கு எழுதிய கடிதத்தில், சலிப்பூட்டும், மட்டமான அந்தக் கரீனினாவை மறுபடி கையில் எடுக்கப்போகிறேன், சீக்கிரம் முடித்துத் தொலைத்தால் போதும் என்ற பொருளில் டால்ஸ்டாயே எழுதியிருக்கிறார். எழுதியவருக்கே அலுத்த நாட்கள் உண்டு. முதல் வாசகர்கள் இரண்டு ஆண்டுக்கு மேல் விட்டுவிட்டுப் படித்ததை நீங்கள் மூன்று மாத இரவுகளில், பகல் முழுவதும் நோட்டு எண்ணிய களைப்போடு படித்திருக்கிறீர்கள்.

பெயர்க் குழப்பத்துக்கு ஒரு சிறு வழி சொல்கிறேன். ரஷ்யப் பெயரின் நடுப்பகுதி நம்முடைய தலைப்பெழுத்தைப் போன்றது, தகப்பன் பெயர். அன்னா அர்க்காதியெவ்னா, ஸ்திபான் அர்க்காதியெவிச் என்று இரண்டு பெயர்களைப் பார்த்தால் இருவரும் அர்க்காதியின் பிள்ளைகள், அண்ணன் தங்கை என்பது தெரிந்துவிடும். அந்த ஸ்திபானைத்தான் எல்லோரும் ஸ்தீவா என்கிறார்கள். டாலியின் முழுப்பெயர் தார்யா அலெக்ஸாந்த்ரொவ்னா. அன்னாவின் கணவன் கரீனின், காதலன் விரான்ஸ்கி இருவருக்குமே அலெக்ஸி என்றுதான் பெயர். இது உங்களைக் குழப்பியிருந்தால் அதில் தவறில்லை. பிரசவத்துக்குப் பின் ஜன்னியில் கிடக்கும் அன்னாவே, இருவருக்கும் ஒரே பெயராகிப் போனதே, என்ன விபரீதம் என்று பிதற்றுகிறாள்.

லெவினைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 1861இல் ரஷ்யாவில் பண்ணையடிமை முறை ஒழிந்தது. அதுவரை சாட்டைக்குப் பயந்து உழைத்தவர்கள் இப்போது கூலிக்கும் விளைச்சலில் ஒரு பங்குக்கும் உழைக்க வேண்டும். அவர்களை எப்படி மனம் ஒன்றி உழைக்க வைப்பது என்று நிலக்காரர்களுக்குத் தெரியவில்லை. லெவினின் பேச்செல்லாம் அந்தத் தவிப்பிலிருந்து வருவது. மூன்றாம் பாகத்தில் அவன் ஆட்களோடு சேர்ந்து புல் அறுக்கும் அத்தியாயங்களை என்றாவது ஒரு விடுமுறை நாளில், பகல் வெளிச்சத்தில் மீண்டும் படித்துப் பாருங்கள். ஆறாம் பாகத்தில் மாகாணப் பிரபுக்களின் தேர்தல் வருகிறதே, அதை நீங்கள் வேகமாகத் தள்ளியிருந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. நான் அதை ஒரே முறைதான் முழுதாகப் படித்திருக்கிறேன்.

அழுகை வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கங்களை இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள். பிளாட்பாரத்தில் அன்னா முதல் பெட்டியின் அடியில் விழ நினைக்கிறாள். கையில் மாட்டியிருந்த சிவப்புப் பை கழற்ற வராமல் தாமதமாகி, அந்தப் பெட்டி கடந்துவிடுகிறது. அடுத்ததற்குக் காத்திருக்கும்போது, குளிக்கத் தண்ணீரில் இறங்கும் முன் வரும் உணர்வு அவளுக்கு வருகிறது. பழக்கத்தில் சிலுவைக்குறி இடுகிறாள். உடனே சிறு வயது நினைவுகள் வெளிச்சம் போல வந்து போகின்றன. விழுந்த கணத்திலேயே, எங்கே இருக்கிறேன், என்ன செய்கிறேன், எதற்காக என்று திடுக்கிட்டு எழப் பார்க்கிறாள். அவ்வளவுதான். பக்கத்தைத் திருப்பினால் இரண்டு மாதம் கழிந்துவிட்டது. லெவினின் அண்ணன் ஆறு வருடம் உழைத்து எழுதிய புத்தகத்தை யாரும் சீண்டவில்லை என்ற செய்தியோடு எட்டாம் பாகம் தொடங்குகிறது. இறுதிச் சடங்கோ ஒப்பாரியோ கிடையாது. செர்பியாவில் போரிடப் போகும் விரான்ஸ்கி ரயில் நிலையத்தில் பல்வலியோடு நிற்கிறான். தங்கையின் உடலைப் பார்த்துக் கதறியழுத ஸ்தீவா, அந்த அழுகையை மறந்தே போய், விரான்ஸ்கியைப் பழைய நண்பனாகவும் வீரனாகவும் மட்டுமே பார்க்கிறான். வாசகர் அழுது ஆறுவதற்கு டால்ஸ்டாய் ஒரு பக்கம்கூட ஒதுக்கவில்லை. உங்களுக்கு அழுகை வராமல் போனதில் அவர் கையும் இருக்கிறது.

அதோடு, அட்டையிலேயே ரயில் படம் போட்டு வரும் நாவல் இது. அன்னா எப்படி முடிவாள் என்பது படிக்காதவர்களுக்கும் தெரியும். தெரிந்த முடிவை எதிர்பார்த்துக்கொண்டே எண்ணூறு, ஆயிரம் பக்கம் நடந்தால், வழியில் பார்த்ததெல்லாம் இடைஞ்சலாகத்தான் படும். டாலியின் வண்டிப் பயணம் கதைக்குச் சம்பந்தமில்லாத இடம் என்று நீங்கள் எழுதியதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அங்கேதான் உங்களோடு உடன்பட மறுக்கிறேன்.

நாவல் எங்கே தொடங்குகிறது? டாலியின் வீட்டில். அன்னா வருவது முதல் பாகம் 18ஆம் அத்தியாயத்தில். டாலியை 4ஆம் அத்தியாயத்திலேயே பார்த்துவிடுகிறோம். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சுக்காரியோடு கணவன் ஸ்தீவாவுக்குத் தொடர்பு இருந்தது தெரிந்து, மூன்று நாளாக அவள் தன் அறையை விட்டு வெளியே வரவில்லை. தாய் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று அலமாரி இழுப்பறையிலிருந்து பிள்ளைகளின் துணிகளைப் பத்தாவது தடவையாக எடுத்து வைக்கிறாள். போக முடியாது என்பதும் அவளுக்குத் தெரிகிறது. ஒரு காலத்தில் அடர்த்தியாக இருந்த கூந்தல் மெலிந்து, பின்னல் ஊசி குத்தித் தலையோடு ஒட்டிக் கிடக்கிறது. உயிரோடு ஐந்து பிள்ளைகள், இறந்தவர்கள் இரண்டு பேர், ஸ்தீவாவைவிட ஒரு வயதுதான் இளையவள் என்று டால்ஸ்டாய் கணக்குச் சொல்கிறார். ஸ்தீவாவுக்கு 34. அப்படியானால் டாலிக்கு 33, உங்கள் வயது.

இந்தச் சண்டையைத் தீர்த்துவைக்கத்தான் அன்னா பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து ரயிலேறி மாஸ்கோ வருகிறாள். அந்த நிலையத்தில்தான் விரான்ஸ்கியைச் சந்திக்கிறாள். டாலியின் குடும்பத்தை ஒட்டவைக்க வந்தவளின் குடும்பம் உடையத் தொடங்குவது அந்தப் பயணத்தில். அண்ணன் தங்கை இருவரும் செய்வது ஒரே காரியம். ஸ்தீவா அதன் பிறகும் சிப்பி சாப்பிடுகிறான், விருந்துக்குப் போகிறான், எல்லோருக்கும் பிரியமானவனாகவே இருக்கிறான். அன்னாவுக்கு எல்லாக் கதவும் அடைபடுகிறது. இந்த இருவருக்கும் நடுவில் நிற்பவள் டாலி. ஒருவனைச் சகித்துக்கொண்டு வாழ்கிறாள். மற்றவளை மற்றப் பெண்கள் கைவிட்ட பிறகும் தேடிப் போகிறாள். இதை நாவலின் முதுகெலும்பு என்றே நான் சொல்வேன்.

இப்போது உங்கள் இடத்துக்கு வருகிறேன். ஆறாம் பாகம், 16ஆம் அத்தியாயம். டாலி கோடைக்குத் தன் தங்கையின் கணவன் லெவின் வீட்டில் பிள்ளைகளோடு தங்கியிருக்கிறாள். அன்னா விரான்ஸ்கியோடு வாழும் பண்ணைக்குப் போய் அவளைப் பார்த்துவர வேண்டும் என்று விடிவதற்கு முன்பே புறப்படுகிறாள். வழியில் வசதியான குடியானவர் வீடு ஒன்றில் குதிரைகளை மாற்றுகிறார்கள். அங்கே அழகான ஓர் இளம்பெண்ணிடம் டாலி பேச்சுக் கொடுக்கிறாள். குழந்தை உண்டா என்று கேட்டதற்கு, ஒரு பெண் இருந்தது, கடவுள் விடுவித்துவிட்டார், நோன்புக் காலத்தில் புதைத்தேன் என்று சாதாரணமாகச் சொல்கிறாள். வருத்தமில்லையா என்றால், என்ன வருத்தம், கிழவருக்குப் பேரப்பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள், குழந்தை என்றால் வேலை ஓடாது, அது கட்டிப்போடும் கயிறுதானே என்கிறாள். கேட்டபோது டாலிக்கு அருவருப்பாக இருக்கிறது. வண்டி நகர்ந்த பிறகு அந்த வார்த்தை விடாமல் கூடவே வருகிறது. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறதோ என்று படுகிறது.

வீட்டில் யோசிக்க நேரமில்லாதவள் டாலி. இந்த நாலு மணி நேரத்தில் அத்தனையும் மொத்தமாக மேலே வருகிறது. மசக்கை, மந்தமாகிப்போன புத்தி, விகாரமான உடம்பு. பிரசவம், அந்தக் கடைசி நிமிடத்து வலி. பால் கொடுப்பது, தூங்காத இரவுகள், ஏறக்குறைய ஒவ்வொரு குழந்தைக்கும் வெடித்துப் புண்ணான மார்க்காம்பு. பிள்ளைகளின் காய்ச்சல், படிப்பு, லத்தீன் பாடம். பிறகு கடைசிக் கைக்குழந்தை தொண்டை அடைப்பு நோயில் இறந்தது. சின்ன இளஞ்சிவப்புச் சவப்பெட்டி, சுற்றி நின்றவர்களின் அலட்சியம், நெற்றிப்பொட்டில் சுருண்டிருந்த மயிர், மூடியை வைக்கும் நேரத்தில் வியப்போடு திறந்திருந்ததைப் போலத் தெரிந்த அந்த வாய். இதெல்லாம் எதற்காக என்று கேட்டுக்கொள்கிறாள். மிக நன்றாக நடந்தால் என்ன ஆகும்? இனி யாரும் சாகாமல், எப்படியோ வளர்த்து ஆளாக்கிவிடலாம். அவர்கள் அயோக்கியர்களாகாமல் இருந்தால் போதும். நான் ஆசைப்படக்கூடியது அவ்வளவுதான். அதற்கே இத்தனை பாடு.

1870களில் ஓர் ஆண், நாற்பத்தைந்தைத் தாண்டிய கனவான், இதை எழுதியிருக்கிறார். அவர் மனைவி சோஃபியா இந்த நாவல் உருவான ஆண்டுகளிலேயே கைக்குழந்தைகளை அடுத்தடுத்துப் பறிகொடுத்தவர். ஒரு தாய் நாலு சுவருக்குள்கூடச் சொல்லிக்கொள்ளாத கணக்கை டால்ஸ்டாய் ஓடும் வண்டியில் உட்கார வைத்துச் சொல்ல விடுகிறார். நீங்கள் புத்தகத்தை மூடி எழுந்த இடம் இதுதான் என்றால், இந்த நாவல் உங்களைத் தொடவில்லை என்று எப்படி ஏற்றுக்கொள்வது? பெரிய காட்சியில் கலங்கவில்லையே என்று கவலைப்படுகிறீர்கள். யாரும் சொல்லிக் கொடுக்காத ஓர் இடத்தில் தொண்டை வறண்டு எழுந்திருக்கிறீர்கள்.

அங்கேயே கொஞ்சம் நின்று பாருங்கள். டாலியின் எண்ணம் அன்னாவிடம் திரும்புகிறது. எல்லோரும் அவளை ஏசுகிறார்கள், நான் என்ன ஒசத்தி, அவளுக்கு வாழ ஆசை, அதைக் கடவுள்தானே நம் எல்லோர் மனதிலும் வைத்தார் என்று யோசிக்கிறாள். பையிலிருக்கும் கண்ணாடியை எடுத்து முகம் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. முன்னால் வண்டிக்காரனும் கணக்கனும் உட்கார்ந்திருக்கிறார்கள், திரும்பிப் பார்த்துவிட்டால் வெட்கம் என்று எடுக்காமல் விடுகிறாள். தனக்கும் ஒரு காதல் நடப்பதாகக் கற்பனை செய்து, அதைக் கேட்டு ஸ்தீவா விழிப்பதை நினைத்துப் புன்னகைக்கிறாள். இந்த மனநிலையோடுதான் அன்னாவின் மாளிகை வாசலில் இறங்குகிறாள்.

அங்கே அவள் பார்ப்பது என்ன? புதுப் பாணிச் சாமான்கள், இங்கிலாந்திலிருந்து வந்த தொட்டில் வண்டி, கட்டிக்கொண்டிருக்கும் மருத்துவமனை. தன்னைவிட நாகரிகமாக உடுத்தியிருக்கும் பணிப்பெண் முன்னால், தவறுதலாகப் பெட்டியில் வைத்துவிட்ட ஒட்டுப்போட்ட சட்டையை எடுக்க டாலிக்குக் கூச்சமாக இருக்கிறது. அதே ஒட்டு, வீட்டில் இருந்தபோது அவளுக்குப் பெருமை. ஆறு சட்டைக்கு 24 அர்ஷின் துணி, ஓர் அர்ஷின் 65 கோபெக் (100 கோபெக் ஒரு ரூபிள்), ஆக 15 ரூபிளுக்கு மேல். தையல் கூலி தனி. ஒட்டுப்போட்டதில் அந்தப் பணம் மிச்சம். ஓர் அர்ஷின் என்பது ஏறக்குறைய 71 சென்டிமீட்டர். நாள் முழுவதும் மற்றவர்களின் சிறுவாட்டுப் பணத்தை எண்ணி வாங்கும் உங்களுக்கு இந்தக் கணக்கின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

குழந்தையின் அறைக்குப் போகிறார்கள். விரான்ஸ்கிக்குப் பிறந்த பெண் குழந்தை. எத்தனை பல் முளைத்திருக்கிறது என்று டாலி கேட்கிறாள். அன்னா தப்பாகச் சொல்கிறாள். கடைசியாக வந்த இரண்டு பல் அவளுக்குத் தெரியவே தெரியாது. டால்ஸ்டாய் இதற்கு மேல் ஒரு வார்த்தையும் விளக்கவில்லை. நீங்கள் அன்னாவின் மேல் கொண்ட கோபத்துக்கு இந்தப் பல் கணக்கே சாட்சி. அதை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் அதே நாளில் விரான்ஸ்கி டாலியைத் தனியே அழைத்துச் சொல்வதையும் சேர்த்துப் பாருங்கள். என் மகள் சட்டப்படி என் மகள் இல்லை, கரீனினுடைய மகள். நாளை பிறக்கும் மகனும் அவனுடைய பெயரைத்தான் தாங்குவான் என்கிறான். அன்றைய ரஷ்யாவில் விவாகரத்து திருச்சபையின் கையில் இருந்தது. சோரம் நிரூபிக்கப்பட்டால், குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டவர் மறுமணம் செய்ய முடியாது. அன்னா விட்டுவிட்டு வந்த பையன் அப்பாவிடம்தான் இருந்தாக வேண்டும். மகனின் பிறந்தநாளன்று அவள் திருட்டுத்தனமாக அந்த வீட்டுக்குள் போய் அவனைப் படுக்கையிலேயே கட்டிக்கொள்ளும் அத்தியாயம் ஐந்தாம் பாகத்தில் வருகிறது. வாங்கிப் போன பொம்மைகளைக் கொடுக்கக்கூட மறந்து அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறாள். பல் எத்தனை என்று தெரியாதவளும் அந்தப் பொம்மைகளைத் திருப்பிக் கொண்டுவந்தவளும் ஒரே பெண்தான். இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொள்வது கஷ்டம். எனக்கு இன்றும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அன்னாவுக்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்திருப்பதை டாலி கவனிக்கிறாள். மனதைத் தொடும் பேச்சு வரும்போதெல்லாம் கண்ணைச் சுருக்கிக்கொள்கிறாள். தன் வாழ்க்கை முழுவதையும் பார்க்காமலிருக்கச் சுருக்குவது போல, என்று டாலி நினைக்கிறாள். கூட இருக்கும் விருந்தாளிகள் ஒருவருக்கும் இது கண்ணில் படவில்லை. ஐந்தாறு பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே காய்ச்சலையும் பொய்யையும் கண்டுபிடித்துப் பழகிய கண்ணுக்குத்தான் இது தெரியும்.

அன்று இரவு படுக்கையில் டாலிக்குத் தன் வீடும் பிள்ளைகளும் புதிதாக ஒளி பட்டது போலத் தெரிகிறார்கள். சில நாள் தங்க வந்தவள் மறுநாளே கிளம்பிவிடுகிறாள். அதே இரவில் அன்னா தன் அறையில் மார்ஃபின் சேர்ந்த மருந்தைச் சொட்டுச் சொட்டாகக் கிளாஸில் ஊற்றிக் குடிக்கிறாள். சகித்துக்கொண்டு வாழ்வது சரி, விட்டுவிட்டுப் போவது தவறு என்று டால்ஸ்டாய் தீர்ப்பு எழுதுகிறாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. டாலி திரும்பிப் போவது கடன் மேல் கடன் வாங்கும், மறுபடியும் துரோகம் செய்யும் கணவனிடம்தான். கடைசிப் பாகத்தில் அவன் தன் கடனை அடைக்க அவளுடைய நிலத்தை விற்கச் சொல்லிக் கடிதம் எழுதுகிறான்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். முதலிலிருந்து மறுபடி படிக்க வேண்டாம். டாலியின் நாவலை மட்டும் படியுங்கள். முதல் பாகத்தில் முதல் நாலு அத்தியாயங்கள், பிறகு அன்னா வந்து சமாதானம் செய்யும் 19ஆம் அத்தியாயம். மூன்றாம் பாகத்தில் 7, 8. கூரை ஒழுகும் கிராமத்து வீட்டில் ஒன்பது மாடு இருந்தும் பிள்ளைகளுக்குப் பால் இல்லாமல் டாலி திண்டாடுவதும், பிறகு ஆற்றில் பிள்ளைகளைக் குளிப்பாட்டும்போது குடியானவப் பெண்களோடு நின்று பால்குடி மறப்பது பற்றிப் பேசிக்கொண்டே நேரம் போவது தெரியாமல் இருப்பதும் அங்கே வருகின்றன. நாவலிலேயே மகிழ்ச்சியான பக்கங்கள் எவை என்று கேட்டால் நான் இவற்றைத்தான் காட்டுவேன். அதன் பின் ஆறாம் பாகம், 16 முதல் 24 வரை. மொத்தம் பதினாறு அத்தியாயங்கள். பெரும்பாலானவை சிறியவை; இரவுக்கு ஒன்று என்று வைத்தாலும் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு மற்றதைத் தொட வேண்டும் என்று தோன்றினால் தொடுங்கள். தோன்றாவிட்டால் புத்தகத்தை நூலகத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு எடுங்கள்.

கூட்டத்தில் நாவல் முழுவதையும் பற்றி அபிப்பிராயம் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. அந்த 16ஆம் அத்தியாயத்திலிருந்து இரண்டு பக்கம் வாய்விட்டுப் படியுங்கள். தண்ணீர் குடிக்க எழுந்ததையும் சொல்லுங்கள். உங்கள் வட்டத்தில் தாய்மார்கள் இருந்தால் பேச்சு தானாக நடக்கும்.

போவதற்கு முன் 24ஆம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும் வழியில் வண்டிக்காரன், அவ்வளவு பெரிய பணக்காரர்கள், குதிரைகளுக்கு மூன்றே அளவு ஓட்ஸ்தான் கொடுத்தார்கள், கோழி கூவும் முன்பே தீர்ந்துபோனது என்று குறைப்பட்டுக்கொள்கிறான். சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் எனக்கு என்னவோ சலிப்பாக இருந்தது, உங்களுக்கு எப்படியோ தெரியவில்லை என்கிறான். எனக்கும் அப்படித்தான் என்கிறாள் டாலி. வீட்டுக்கு வந்ததும் அன்னாவும் விரான்ஸ்கியும் தன்னை எவ்வளவு அன்பாக நடத்தினார்கள் என்று உற்சாகமாகச் சொல்கிறாள். அவர்களைப் பற்றி ஒருவரையும் ஒரு சொல் குறையாகப் பேசவிடவில்லை. வண்டிக்காரனிடம் ஒப்புக்கொண்டதை வீட்டாரிடம் அவள் ஏன் சொல்லவில்லை என்று உங்கள் வட்டத்தில் கேளுங்கள். என்ன பதில்கள் வந்தன என்று எனக்கு எழுதுங்கள்.